துரை வந்து பார்க்கும்வரை

கண்டியில் என் கணவர் கிளாக்கராக இருந்த கந்தோருக்கு முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு புதிய வெள்ளைக்காரத் துரை வந்தார். அவருக்குக் காய்கறித் தோட்டம் என்றால் உயிர். காலம் கெட்டுக்கிடந்தது. தேயிலையும் ரப்பரும் விலை விழுந்து, சம்பளத்தில் கை வைக்கப் போகிறார்கள் என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் துரை கிளாக்கர்மாரைக் கூப்பிட்டு, வீட்டுக்கு வீடு ஒரு தோட்டம் இருந்தால் நாட்டில் பஞ்சமே வராது என்று சொன்னாராம். அடுத்த கிழமையே அந்தக் கந்தோர் முழுவதும் கமக்காரராகிவிட்டது.

பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத மனிதர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து எருவைப் பற்றிப் பேசினார்கள். மாட்டுச் சாணம் நல்லதா, ஆட்டுப் புழுக்கை நல்லதா என்று ஒருவரோடொருவர் கோபித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் நகத்துக்குள் புகுந்த மண்ணைக் கழுவாமலே கந்தோருக்குப் போனாராம். துரையின் கண்ணில் படட்டும் என்றுதான். இதை என் கணவர் வீட்டுக்கு வந்து சொன்னபோது அவருடைய குரலில் இருந்தது பொறாமை.

நாங்கள் அப்போது குண்டசாலைப் பக்கம், கங்கை என்று நாங்கள் சொல்லும் ஆற்றுக்குச் சற்று மேலே ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். வீடு சிறியது, பின்வளவு பெரியது. அதுவரை அந்த வளவில் நான் உடுப்புக் காயப்போட்டேன், மகள் விளையாடினாள், வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் கோழிகள் வந்து கிளறின. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் என்றால் எல்லோரும் மண்வெட்டியோடு பிறந்தவர்கள் என்று கண்டியில் ஓர் எண்ணம் உண்டு. நான் ஒரு வாத்தியாரின் மகள். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீசும் தையலும் படித்தவள். தோட்ட வேலை எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. எனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் எங்களுக்குள் இருந்த வித்தியாசம்.

முதலில் தொப்பி வந்தது. பிறகு முழங்கால்வரை ஏறும் சப்பாத்து. பிறகு சீமை விதைப் பைக்கற்றுகள், ஒவ்வொன்றின் மேலும் காயின் படம் வர்ணத்தில். கடைசியாகத்தான் மண்வெட்டி வந்தது. அதையும் கூலிக்கு வந்த ஆள்தான் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், பாத்தி கட்டி முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோனான். என் கணவர் பாத்திக்குப் பாத்தி ஒரு குச்சியை ஊன்றி, அதில் காயின் பெயரை இங்கிலீசில் அழகாக எழுதிவைத்தார். அவருடைய கையெழுத்து நல்ல கையெழுத்து. அந்தத் தோட்டத்தில் அவர் செய்த வேலையில் குறை சொல்ல முடியாதது அது ஒன்றுதான்.

தண்ணீர் ஊற்றுவது என்னிடம் வந்தது. அதைப் பற்றி எங்களுக்குள் எந்தப் பேச்சும் நடக்கவில்லை. குசினிக்குப் பக்கத்தில் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் தோட்டம், ஆகையால் தண்ணீர் குசினியைச் சேர்ந்தது என்று அவர் எப்படியோ முடிவு செய்துவிட்டார்.

கண்டிப் பட்டினத்தில் ஆடி மாதம் என்றால் தூறல் விடாது. வாவியின் மேல் புகைபோலப் புகார் இறங்கியிருக்கும், கடைத்தெருவில் சேறு காயாது. அந்த மழை மலையைத் தாண்டி எங்கள் பக்கம் வருவதில்லை, காற்று மட்டும் வரும். பகல் முழுவதும் அது வீசும். கண்ணில் மண்ணைப் போடும், கொடியில் போட்ட சீலையைக் கிழிக்கும், இலைகளைப் பொரித்துவிடும். கிணற்றில் கயிறு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போகும். பின்னேரம் என் கணவர் நனைந்த குடையோடு பஸ்ஸால் இறங்கி வருவார். வெடித்துக்கிடக்கும் பாத்தியின் பக்கத்தில் நின்று, குடையை உதறிக்கொண்டே, இன்றைக்குச் சரியான மழை, பயிருக்குத் தண்ணீர் தேவைப்படாது என்பார். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பேன். குடையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்ப்பேன். பிறகு கிணற்றடிக்குப் போவேன்.

சீமை விதைகள் சீக்கிரமே தங்கள் புத்தியைக் காட்டின. கரட் என் சுண்டுவிரலைவிட மெலிந்து வந்தது. கோவா, உருண்டையாகத் திரளுவதற்குப் பதிலாக, கோபம் வந்த கோழிபோல இலையை விரித்துக்கொண்டு நின்றது. பீற்றூட் மண்ணுக்கு மேலே வரவே மறுத்தது. என் கணவர் மாலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு குச்சியையும் குனிந்து வாசித்தார். பெயர் சரியாக எழுதப்பட்டிருந்ததால் தவறு எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை.

வேலியோரமாக மிச்சமிருந்த இடத்தில் நான் கொஞ்சம் விதை போட்டிருந்தேன். வெண்டி, பயற்றை, புடோல், கத்தரி, பச்சையாகவே கடித்துத் தின்னும் கெக்கரி. எல்லாம் சந்தையில் வாங்கிய விதை, இரண்டொன்று பக்கத்து வீட்டுச் சிங்களக் கிழவி வேலிக்கு மேலால் நீட்டியது. இந்தப் பயிர்களை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இதெல்லாம் நாட்டுக் காய், துரை இதைப் பார்த்துச் சிரிப்பார் என்று சொல்லி, பந்தல் போடத் தடி வாங்கித் தரவும் மறுத்தார். நான் கட்டிலில் நின்ற பழைய நுளம்புவலைக் கம்புகளை நட்டுக் கொடியை ஏற்றினேன். குசினித் தண்ணீரும் குளித்த தண்ணீரும் அங்கேதான் ஓடின. ஆடி பாதி போவதற்குள் வேலி கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொண்டது. புடோலங்காய்கள் நிலத்தைத் தொடப் பார்த்தன. வெண்டிப் பூவில் வண்டுகள் வந்து மொய்த்தன.

அன்று முதல் அது அவருடைய தோட்டமாயிற்று. கோவாப் பாத்தியிலிருந்த குச்சியைப் பிடுங்கி, பெயரை அழித்து வேறு பெயர் எழுதி, வெண்டியின் அடியில் ஊன்றினார். கந்தோரில் போய்த் தோட்டத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். துரை கேட்டுவிட்டு, ஒரு சனிக்கிழமை வந்து பார்க்கிறேன் என்றாராம். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் என் கணவர் சோற்றைப் பிசையாமல் அந்த வாக்கியத்தை இங்கிலீசில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொன்னார். பிறகு எனக்குச் சட்டம் போட்டார்.

“துரை வந்து பாக்குமட்டும் ஒரு காயிலயும் கை வைக்கப்படாது. விளங்கிச்சுதோ?”

“வெண்டிக்காய் பிஞ்சில பிடுங்காட்டி முத்திப் போமே,” என்றேன்.

“முத்தினாப் பெரிசாத் தெரியும். பெரிசாத் தெரியிறதுதானே நல்லது.”

வெண்டிக்காயைப் பற்றி இப்படியொரு கருத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

முதல் சனிக்கிழமை விடிய முன்னமே வளவைக் கூட்டினேன். கண்டியிலிருந்து கேக் வந்தது. பக்கத்துச் சந்தியில் இருந்த பள்ளிக்கூட வாத்தியாரின் வீட்டிலிருந்து நல்ல தேநீர்க் கோப்பைகள் இரவல் வந்தன. மகளுக்கு அப்போது ஆறு வயது. அவளைச் சப்பாத்துப் போட்டுக் கதிரையில் உட்காரவைத்து, உடுப்புக் கசங்காமல் இரு என்றார் என் கணவர். துரை வரவில்லை. ஹுன்னஸ்கிரியவில் ஒரு சிநேகிதரின் தேயிலைத் தோட்டத்துக்கு வேட்டைக்குப் போய்விட்டாராம். அடுத்த சனிக்கிழமை பெரஹரா ஊர்வலம் பார்க்கக் கொழும்பிலிருந்து அவருக்கு விருந்தாளிகள். அதற்கடுத்த சனிக்கிழமை என்ன காரணம் என்று அவர் சொல்லியனுப்பவுமில்லை. ஒவ்வொரு முறையும் கேக்கை நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டோம். ஒவ்வொரு முறையும் என் கணவர் துரையின் பக்கமே பேசினார். பெரிய மனிதர்களுக்கு எத்தனை வேலை என்றார். அவருக்காகக் காத்திருப்பதே தமக்கு ஒரு மரியாதை என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

காய்களுக்கு அந்த மரியாதை தெரியவில்லை. வெண்டிக்காய் மரக்கட்டையாகிவிட்டது. பயற்றங்காய் வெளுத்து, உள்ளே விதை புடைத்து, காற்றுக்குக் கிலுகிலு என்று ஆடியது. புடோலங்காயில் சில அடிப்பக்கம் சிவந்து பழுத்து வாயைப் பிளந்தன. பிஞ்சுகள் புதிது புதிதாக வந்துகொண்டேயிருந்தன. அவற்றையும் தொட முடியாது, ஏனென்றால் எண்ணிக்கை குறைந்துவிடுமாம். இத்தனைக்கும் நடுவில் கறிக்கு நான் காய் வெளியில் வாங்கினேன்.

தலையில் கூடை வைத்துக்கொண்டு வாசலுக்கு வரும் முஸ்லிம் நானா ஒருவரிடம்தான் வாங்குவது வழக்கம். கலகெதரப் பக்கத்து ஆள். கண்டிச் சந்தையில் காய் எடுத்துக் கங்கைக்கு இந்தப் பக்கம் முழுவதும் நடந்து விற்பார். அன்று கூடையை இறக்கி வைத்துவிட்டு வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து வேலியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தங்கச்சி, ஒங்கட வளவுல இவ்வளவு காய் தொங்குது. பொறகு என்னத்துக்கு என்னட்ட வாங்குற?”

“அது துரைக்கு,” என்றேன்.

“தொரைக்கா? அவர் எப்ப வாற?”

“தெரியாது.”

அந்த மனிதர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நான் கேட்ட காய்களைத் தந்துவிட்டு, ஒரு பிடி கூடுதலாகவும் போட்டுவிட்டு, வேலியைப் பார்க்காமலே போனார். பிச்சைக்காரியைப் பார்த்து இரக்கப்பட்டதுபோல இருந்தது அந்த ஒரு பிடி. நான் கூச்சத்தோடு அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

இதற்குப் பிறகு ஒரு வியாழக்கிழமை. துரை இந்தச் சனிக்கிழமை நிச்சயம் வருகிறாராம் என்ற செய்தியோடு என் கணவர் வேளைக்கே வந்துவிட்டார். உடுப்பைக்கூட மாற்றாமல் தோட்டத்துக்குப் போனார். போனவர் என்னைக் கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தபோது மகள் கெக்கரிக் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு கெக்கரிப் பிஞ்சு, நுனியில் ஒரு கடி. வெயிலுக்கு முகம் சிவந்திருந்தது. பிள்ளைக்குத் தாகம், பிடுங்கிக் கடித்திருக்கிறாள், வேறொன்றுமில்லை. அவர் என் கண் முன்னால் அவளுடைய கையில் அடித்தார். பிஞ்சு கீழே விழுந்தது.

பிறகு அவர் செய்ததைத்தான் நான் இத்தனை வருடமாக மறக்கவில்லை. அடித்ததைக்கூட ஒருவேளை மறந்திருப்பேன். அந்தப் பிஞ்சைக் குனிந்து எடுத்து, கைக்குட்டையால் துடைத்து, கடிபட்ட பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய் என் தையல் பெட்டியைத் திறந்து, பச்சை நூல் எடுத்துக்கொண்டு வந்தார். கொடியில் பிஞ்சு இருந்த அதே காம்பைத் தேடிப்பிடித்து, கடிவாய் வேலிப்பக்கம் மறைந்திருக்கும்படி, அதை நூலால் கட்டினார். கட்டிவிட்டுப் பின்னால் இரண்டடி வைத்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். முடிச்சுத் தெரிகிறது என்று மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார். மகள் அழுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு அன்று கோபம் வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கோபம் வருவதற்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். வாழை நாரில் பூ கட்டுகிறவன்போல உட்கார்ந்து, கெக்கரிப் பிஞ்சைக் கொடியில் கட்டிக்கொண்டிருந்தவரைப் பார்த்து நான் கோபிக்க என்ன இருக்கிறது? நெடுநாளாகக் கனமாக இருந்த ஒன்று எனக்குள் சட்டென்று லேசாகிவிட்டது. இந்த மனிதருக்கு நான் பயப்படத் தேவையில்லை என்று தெரிந்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அவர் பஸ் ஏறியதும் மகளுக்குச் சின்ன ஓலைக் கடகத்தைக் கொடுத்தேன், நான் பெரிய கடகத்தை எடுத்துக்கொண்டேன். வேலியின் ஒரு முனையிலிருந்து தொடங்கினோம். காற்று இன்னும் எழும்பவில்லை. இலைகளின் அடியில் இரவுக் குளிர்ச்சி மிச்சமிருந்தது. வெண்டியின் சுணை கையெல்லாம் கடித்தது. பிஞ்சுகள் விரலால் ஒடித்ததும் டக் என்று வந்தன, முற்றலுக்குக் கத்தி தேவைப்பட்டது. கத்தரிக்காயின் முள் மகளுக்குக் குத்தியது. பாம்புக்குப் பயந்ததுபோலப் புடோலங்காயை அவள் இரண்டு கையாலும் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து கடகத்தில் போட்டாள். பச்சை நூலால் கட்டியிருந்த கெக்கரிப் பிஞ்சை அவளையே அவிழ்க்கச் சொன்னேன். அது இரவோடு இரவாக வாடிப்போயிருந்தது. அதை வேலிக்கு மேலால் கோழிக்கு எறிந்துவிட்டு, நல்ல பிஞ்சாகத் தேடி நாலைந்து பிடுங்கி, உப்புத் தொட்டு, கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம்.

வளவை ஒட்ட வழித்தேன். குச்சியில் இங்கிலீசுப் பெயர் மட்டும்தான் மிச்சம். பெரிய சட்டி நிறையக் காயும் நாலு புடோலங்காயும் பக்கத்து வீட்டுக் கிழவிக்குக் கொடுத்தேன். அவள் எவ்வளவு வாங்கினாலும் வாயில் சந்தோஷம் காட்டாதவள், அன்று காட்டினாள். நானா வந்தார். நான் கூடையை இறக்கச் சொல்லவில்லை, அவருக்கே கொஞ்சம் பயற்றங்காய் கொடுத்தேன். என்ன, தொரை வந்துட்டாரா என்று கேட்டார். இனி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றேன். அப்போது அவர் சிரித்தார்.

மத்தியானத்துக்குப் பிறகு சமைக்கத் தொடங்கினேன். வெண்டிப் பிஞ்சைப் பால்விட்டு வெள்ளைக் கறி, கத்தரிக்காய் பொரித்த குழம்பு, புடோலங்காய்ச் சுண்டல், பயற்றங்காயில் தேங்காய்ப்பூப் போட்டு ஒரு வறை. அந்த வீட்டில் அவ்வளவு கறி ஒரே நாளில் சமைத்தது தீபாவளிக்குக்கூட இல்லை.

அவர் வந்தார். நேரே பின்வளவுக்குப் போனார். வேலி முழுவதும் இலைதான் இருந்தது. திரும்பிக் குசினி வாசலுக்கு வந்து நின்றபோது தொப்பி கையிலிருந்தது.

“என்ன செய்து வைச்சிருக்கிறீர்?” என்றார்.

“சமைச்சு வைச்சிருக்கிறன். கால் கையைக் கழுவிப்போட்டு வாங்கோ.”

“நாளைக்குத் துரை வாறார்.”

“வரட்டும். அவருக்கும் ஒரு கோப்பை சோறு போடுறன்.”

அடிப்பார் என்று நினைத்தேன். அதற்கு ஆயத்தமாகத்தான் அகப்பையைக் கீழே வைக்காமல் நின்றேன். கத்துவார் என்று நினைத்தேன். சாப்பிடாமல் போய்ப் படுப்பார் என்றாவது நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் ஒரு துளி மதிப்பு மிஞ்சியிருக்கும். குசினியிலிருந்து வாசம் வந்துகொண்டிருந்தது. அவர் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு வந்து, மேசையில் உட்கார்ந்து, சோற்றுக் கோப்பையை முன்னால் இழுத்தார். கத்தரிக்காய்க் குழம்பு இரண்டாந்தரம் கேட்டார். பயற்றங்காயை வழித்துச் சாப்பிட்டார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டே சாப்பிட்டார். நான் பரிமாறிக்கொண்டே நின்றேன். அந்த வாயைப் பார்க்க எனக்கு அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை துரை வந்தேவிட்டார். கார் வாசலில் நின்றதும் என் கணவர் ஓடினார். நான் சாளரத்துக்குப் பின்னால் நின்றேன். உயரமான, முதுகு கூனிய, நல்ல சுபாவமுள்ள மனிதர்போலத்தான் தெரிந்தார். படலையடியிலேயே என் கணவர் இங்கிலீசில் சொல்லத் தொடங்கிவிட்டார். நேற்றுப் பகல் ஒரு பெரிய குரங்குக் கூட்டம் வந்ததாம். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தார்களாம். ஒரு காய் விடாமல் தின்றுவிட்டுப் போய்விட்டதாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த இங்கிலீசுக்கு இவ்வளவும் விளங்கியது. துரை வேலியோரம் நடந்து பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். ஆனால் கத்தியால் வெட்டிய காம்புகள் கண்ணுக்கு நேரே இருந்தும் அவர் காணவில்லை. தோட்டப் பிரியர் என்று பெயரெடுத்தவர்! என் கணவரின் தோளில் தட்டி, இதற்கு நான் ஒரு வழி செய்கிறேன் என்றார். கேக் ஒரு துண்டு சாப்பிட்டார். போனார்.

அன்று மாலை முழுவதும் என் கணவர் அந்தத் தோளைக் குலுக்கிக்கொண்டே நடந்தார். காய்களைக் காட்டியிருந்தால் துரை இவ்வளவு நேரம் நின்றிருக்கமாட்டார் என்றுகூட என்னிடம் சொன்னார். எனக்கு நன்றி சொல்லாததுதான் குறை.

துரை செய்த வழி திங்கட்கிழமை வந்தது. ஹுன்னஸ்கிரியவில் அவருடைய சிநேகிதரின் தேயிலைத் தோட்டத்தில் காவல் வேலை பார்க்கும் ஒருவர், தோளில் துவக்கோடு, எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். நடுத்தர வயது, தலையில் கம்பளித் துண்டு. அவருக்கு இடம் காட்டுவதற்காக என் கணவருக்கு அரை நாள் லீவு கொடுக்கப்பட்டிருந்தது.

“தொரை அனுப்புனாருங்க. கொரங்கு எந்தப் பக்கமா வருது?”

என் கணவர் கையை நீட்டினார். பக்கத்து வளவில் கிழவியின் பலாமரம். அதில் குரங்குகள் தினமும் இருந்தன. நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இருந்தன. பலாப்பழத்தைத் தின்னும், ஒன்றையொன்று துரத்தும், எங்கள் கூரையில் குதிக்கும். தோட்டத்தில் எப்போதாவது ஒரு பூவைப் பிய்த்தால் உண்டு. கிழவி அவற்றை ஒருநாளும் துரத்தியதில்லை.

நான் குசினியிலிருந்து இறங்கி வந்தேன். அந்நிய ஆண் முன்னால் நான் வந்து நிற்பது என் கணவருக்குப் பிடிக்காது. நின்றேன்.

“குரங்கு ஒண்டும் வரேல்லை,” என்றேன். “காயெல்லாம் நான்தான் பிடுங்கினன். பிடுங்கிச் சமைச்சம். இவரும் இருந்து சாப்பிட்டவர். நீங்கள் திரும்பிப் போங்கோ.”

காவல்காரர் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். அந்த இடத்தில் ஒரு மனிதன் தலையைக் குனிந்து, சரி போ என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான் தேவைப்பட்டது. என் கணவர் சிரித்தார்.

“அவவுக்கு ஒண்டும் தெரியாது. நீர் சுடும்.”

“அம்மா இப்படிச் சொல்றாங்களே, அய்யா.”

“துரை என்ன சொல்லி அனுப்பினவர்? பொம்பிளையின்ர கதையைக் கேக்கச் சொன்னவரோ?”

காவல்காரருக்கும் ஒரு துரை இருந்தார். துவக்கைத் தோளிலிருந்து இறக்கினார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, அவளுடைய காதுகளைப் பொத்தினேன். ஒரு வெடிச்சத்தம்தான் கேட்டது. பலாமரம் முழுவதும் இரைச்சல் எழுந்து, கங்கைப் பக்கமாகப் போய் அடங்கியது.

விழுந்தது ஒரு பெண்குரங்கு, கிழவியின் வளவுக்குள் விழுந்தது. காவல்காரர் வேலியைத் தாண்டிப்போய் அதை எடுத்தபோது கிழவி வாசற்படியில் நின்றாளாம். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று பிறகு என் கணவரே சொன்னார். அவள் ஒன்றும் சொல்லாததைத் தம்முடைய வெற்றி என்று எடுத்துக்கொண்டார். வாலை வெட்டி ஒரு கடதாசியில் சுற்றி, துரைக்குக் காட்டுவதற்காகக் காவல்காரர் கொண்டுபோனார். போகும்போது என் பக்கம் திரும்பாமலே, “வர்றேங்க அம்மா,” என்றார்.

பின்னேரம் நான் கிழவியிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், அந்தக் குரங்குகள் ஒன்றும் செய்யவில்லை, என் வீட்டுக்காரர் பொய் சொன்னார் என்று சொன்னேன். கட்டிய கணவனைப் பற்றி அயலாளிடம் போய் இப்படிச் சொல்வது எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமில்லை. நான் கூச்சப்படாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய், நான் காய் கொடுத்த சட்டியைக் கொண்டுவந்து தந்தாள். கழுவித் துடைத்து வெறுமையாகத் தந்தாள். அயலுக்குள் சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசியாவது, இரண்டு எலுமிச்சங்காயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இவ்வளவு காலமும் அவளும் அப்படித்தான் செய்தாள். அதை வாங்கிக்கொண்டு நான் வந்தேன். அவள்மேல் எனக்கு மனத்தாங்கல் இல்லை. எங்கள் வீட்டோடு இனிக் கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று ஒருத்தி நினைத்தால் அவள் புத்தியுள்ளவள்.

அன்றிலிருந்து நான் தோட்டத்துக்கு ஒரு சிரங்கை தண்ணீர் ஊற்றவில்லை. என் கணவர் இரண்டொரு நாள் பின்னேரத்தில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு தாமே வாளியைக் கிணற்றில் இறக்கினார். மூன்றாம் வாளியில் கயிறு கையைக் கிழித்துவிட்டது. கந்தோருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு போனார், துரை விசாரித்தாராம், ஆகையால் கட்டை ஒரு கிழமை அவிழ்க்கவில்லை. அதற்குள் அந்தக் காற்று தன் வேலையை முடித்துவிட்டது. வேலியில் காய்ந்த கொடிகள் மட்டும் தொங்கின. நான் அவற்றைப் பிடுங்கி அடுப்பெரித்தேன்.

குரங்குக் கதை மட்டும் காய்ந்துபோகவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சொன்னார். சொல்லச் சொல்லக் கூட்டம் பெரிதாயிற்று. ஒரு தைப்பொங்கலுக்கு வந்த அவருடைய தமையனிடம், தாமே தடியை எடுத்துக்கொண்டு அவற்றின் நடுவில் பாய்ந்ததாகச் சொன்னார். அவர் பொய் சொல்கிறார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கண்ணைப் பார்த்தால் தெரியும், அவர் அதை நம்பிவிட்டார். நான் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனேன். மகள் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். எங்கள் இரண்டு பேருக்கும் அது போதுமாயிருந்தது.

அந்தத் துரை நெடுநாள் இருக்கவில்லை, மாற்றலாகிப் போனார். போன கிழமையே பஸ்ஸில் எருவைப் பற்றிய பேச்சு நின்றது. புதிதாக வந்தவர் இளைஞர், பட்மின்ரன் விளையாட்டில் பைத்தியம். என் கணவர் வலையும் மட்டையும் வெள்ளைக் களிசானும் வாங்கிக்கொண்டு வந்தார். கூலிக்கு ஆள் பிடித்து, பாத்திகளையெல்லாம் வெட்டிச் சமப்படுத்தி, சுண்ணாம்பால் கோடு போடுவித்தார். தண்ணீர் தெளித்து நிலத்தை இறுக்கிவிடும்படி என்னிடம் சொன்னார். கிணறு அந்தப் பக்கம் இருக்கிறது என்று கையைக் காட்டினேன். அந்த இடத்தில் அவர் இரண்டுமுறை விளையாடினார். இரண்டுமுறையும் தோற்றார் என்று மகள் வந்து சொன்னாள். நான் பார்க்கப் போகவில்லை.